பதினோராவது நகர்த்தலில் முழிக்கும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சதுரங்கத்தில் ஓப்பனிங் (தொடக்க ஆட்டம்) பத்து நகர்த்தலும் தலைகீழ்ப் பாடம். பதினோராவதில் முழித்து, சும்மா ஓரச் சிப்பாயைத் தள்ளுகிறார்கள். சிப்பாய் பின்னால் வராது. அது காத்துநின்ற கட்டம் பிறகு ஓட்டைதான்.

ஓர் உதாரணம்: வெள்ளைக்கு டி4-இல் (டி வரிசையின் நாலாவது கட்டம்) தனிச் சிப்பாய். பக்கத்துச் சி, இ வரிசைகளில் துணைக்குச் சிப்பாய் இல்லை. கறுப்பு உடனே அதை அடிக்கப் பாயக் கூடாது. முதலில் டி5-இல் குதிரையை உட்கார வைக்க வேண்டும். அங்கிருந்து அதை விரட்ட வெள்ளையிடம் சிப்பாயே கிடையாது. அடுத்து மற்ற குதிரை, மந்திரிகளை (பிஷப்) வெட்டிக் குறைக்க வேண்டும். காய் குறையக் குறைய வெள்ளையின் தாக்குதல் சுருங்கும், சிப்பாயின் பலவீனம் மட்டும் மிஞ்சும். பிறகே யானைகள் டி வரிசைக்கு. அந்தக் குதிரையே யானையின் வழியை மறைக்கிறது என்பதைப் பலர் மறக்கிறார்கள்; டி4-ஐ அடிக்கும் நேரத்தில் அது விலகியாக வேண்டும். அவசரப்பட்டு முன்பே விலக்கினால் வெள்ளை அந்தச் சிப்பாயை டி5-க்குத் தள்ளிவிடும், அவ்வளவும் வீண்.

பயிற்சிக்கு 2013 சென்னை உலக சாம்பியன் போட்டியின் 5, 6-ஆம் ஆட்டங்களை எடுங்கள். இரண்டையும் யானை முடிவாட்டத்தில்தான் (ராஜாவோடு யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்) நார்வேயின் கார்ல்சன் ஆனந்திடமிருந்து பிடுங்கினார். அடுத்த நகர்த்தலை மறைத்து, 3 நிமிடம் யோசித்து, உங்கள் நகர்த்தலைக் காரணத்தோடு நோட்டில் எழுதியபின் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரிடம் கேட்பது கடைசியில்தான். முதலிலேயே கேட்டால் விடை கிடைக்கும், யோசனை வராது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை.