பின்சீட்டை முதலில் பார்

மதுரை

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கம்பு இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பியாச்சு, வெயில்தான் இன்னும் இறங்கவில்லை. பழைய சொகுசு கார் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஏசியும் கூலிங் சிஸ்டமும் மத்தியான வெயிலில் உண்மையைச் சொல்லிவிடும்.

நீ வாங்க நினைக்கும் பழைய கார்களின் பட்டியலைப் பார்த்தேன். தொலைதூரம் அலுப்பில்லாமல் போக வேண்டும், பின்னால் இரண்டு பெரியவர்கள் நிஜமாகவே உட்கார வேண்டும் என்கிறாய். அப்படியென்றால் இரண்டு கதவு வண்டிகளை இப்போதே அடித்துவிடு. பென்ட்லி கான்டினென்டல் ஜிடி அருமையான வண்டிதான். ஆனால் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) 2,745 மி.மீ., பின்சீட்டு பிள்ளைகளுக்குத்தான் சரி. 6 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜினை இண்டு இடுக்கு இல்லாமல் உள்ளே திணித்திருக்கிறார்கள். ஒரு கூலன்ட் ஹோஸ் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் குழாய்) மாற்றவே சில சமயம் இன்ஜினை வெளியே இறக்க வேண்டிவரும். மாசெராட்டி கிரான்டூரிஸ்மோவில் வீல்பேஸ் 2,942 மி.மீ., இரண்டு கதவு வண்டிகளில் பெரியவர்கள் உட்காரும்படி பின்சீட்டு இருப்பது அபூர்வம், இதில் இருக்கிறது. ஆனால் முன்சீட்டை மடக்கி, குனிந்து, பக்கவாட்டில் நுழைய வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. டிக்கியும் 260 லிட்டர்தான். நாலு பேர் பெட்டி அதில் அடங்காது.

மிச்சம் நாலு கதவு வண்டிகள். ஆடி ஏ7, போர்ஷே பனமேரா, பிஎம்டபிள்யூ 640டி கிரான் கூபே. உன் பட்டியலில் இல்லாத இன்னொன்றையும் சேர்க்கிறேன், பிஎம்டபிள்யூ 630டி ஜிடி.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறக்கும் முன் பின்கதவைத் திற. உன் உயரத்துக்கு டிரைவர் சீட்டைச் சரிசெய்துவிட்டு, அதற்குப் பின்னால் நீயே போய் உட்கார். முழங்காலுக்கும் முன்சீட்டு முதுகுக்கும் நடுவே நாலு விரலாவது இடம் இருக்க வேண்டும். பாதம் முன்சீட்டுக்கு அடியில் நுழைகிறதா? முன்சீட்டை முழுக்கத் தாழ்த்தினால் பல வண்டிகளில் நுழையாது. அதுதான் இரண்டு மணி நேரத்தில் காலை மரத்துப்போக வைக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கிறதா என்று பார். கூபே போலச் சரியும் கூரையில் தலைக்கு மேல் இடம் இருந்தாலும், ஏறும்போது நெற்றி இடிக்கும். அம்மாவையும் கூட்டிப் போய் புடவையோடு ஏறி இறங்கச் சொல். தாழ்ந்த சீட்டில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம்.

இந்தச் சோதனையில் 630டி ஜிடி தனியாக நிற்கும். வீல்பேஸ் 3,070 மி.மீ., சீட்டு உயரம், கதவு அகலம், டிக்கி 610 லிட்டர். 640டி கிரான் கூபேயில் வீல்பேஸ் 2,968 மி.மீ., இரண்டு கதவு 6 சீரிஸைவிட 113 மி.மீ. அதிகம். இரண்டு பேருக்குத் தாராளம், நடுவில் மூன்றாவது ஆள் பேருக்குத்தான். பனமேராவில் பின்னால் இரண்டு தனிச் சீட்டுகள், முன்சீட்டுக்கு நிகரானவை, ஆனால் தாழ்வு. ஏ7 முழங்காலுக்குச் சரி, உயரமான ஆளுக்குத் தலை இடிக்கும்.

அழகில் 640டிக்கு ஈடு கிடையாது, அதை மறுக்க மாட்டேன். 313 குதிரைத்திறன், 630 நியூட்டன் மீட்டர் டார்க். நாலுவழிச்சாலையில் நூறில் போகும்போது இன்ஜின் ஓடுவதே தெரியாது. ஆனால் 2012-ல் இங்கே வந்த மாடல், வயதாகிவிட்டது. அந்த டீசல் இன்ஜினில் டைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கும் சங்கிலி, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினோ அதைத் தாங்கும் கைடோ தேய்ந்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கைவைக்க முடியாது. அதனால் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேள். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வை. போனதும் பானெட்டில் கை வை, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடு. ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில் வண்டியின் பின்பக்கத்தை நோக்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், உலோகம் உரசுகிற கரகரப்பு கேட்டால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது ஈஜிஆர் கூலர், இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம். அதில் கசியும் கூலன்ட் கரியோடு சேர்ந்து தீப்பிடித்த சம்பவங்களால் 2018-ல் பிஎம்டபிள்யூ பல நாடுகளில் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. சேசிஸ் நம்பரைக் கொடுத்து, அந்த வண்டிக்கு ஏதாவது ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடு. கூலன்ட் அடிக்கடி குறைகிறது, வெளியே சொட்டும் காணோம் என்றால் முதல் சந்தேகம் அங்கேதான்.

கியர்பாக்ஸ் விஷயத்தில்தான் ஏ7-ஐ ஒதுக்கச் சொல்கிறேன். 3.0 டீசலில் வரும் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டியில் மெக்கட்ரானிக் யூனிட் (கியரை மாற்றும் கட்டுப்பாட்டுப் பாகம்) பழுது தெரிந்த வியாதி. மீட்டரில் கியர் எழுத்து மின்னும், ரிவர்ஸ் விழாது, சிக்னலில் நிற்கும் முன் இரண்டாம் கியரிலிருந்து ஒன்றுக்கு வரும்போது உதைக்கும். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில் இருந்தால் மட்டும் யோசி. இரண்டு பிஎம்டபிள்யூக்களிலும் இருப்பது இசட்எஃப் எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நம்பலாம். “ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்” என்று விற்பவர் சொல்வார். பெட்டியைத் தயாரித்த இசட்எஃப்பே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் சம்ப்போடு (அடியில் உள்ள ஆயில் தட்டு) ஒட்டியே வரும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போது, ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலைக்குள் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதே. அளவு குறைந்தாலும் கூடினாலும் பெட்டி கெடும்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை) 630டியில் உண்டு, பனமேராவில் வண்டிக்கு வண்டி மாறும். ரப்பர் பை மடியும் இடத்தில் வெடித்துக் கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு பையோடு முடியவேண்டிய செலவு அப்படித்தான் வளர்கிறது. பரிசோதிக்க ஒரு டேப் போதும். சாயங்காலம் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அள. காலையில் கதவைத் திறக்காமல், ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அள. ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே கசிவு.

டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி பற்றி ஒன்று. இந்த டீசல்கள் நாலுவழிச்சாலைக்குப் பிறந்தவை. ஊருக்குள்ளேயே ஓடிய வண்டியில் புகைக்கரி வடிகட்டி அடைத்திருக்கும். ஸ்கேனரில் கரி அளவையும் சாம்பல் அளவையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல். கரி நீண்ட ஓட்டத்தில் எரிந்துவிடும், சாம்பல் எரியாது, வடிகட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி மறுபடி எரிக்கிற வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது. அதே ஸ்கேனில் கிலோமீட்டரையும் சரிபார்த்துவிடலாம். அது மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை, பிஎம்டபிள்யூவில் சாவியிலும் பதிவாகும். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் உன் வழியில் வரலாம். 2015-லும் 2023-லும் சென்னையில், 2018-ல் கேரளாவில் எத்தனையோ நல்ல கார்கள் தண்ணீரில் நின்றன. சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழு. மேலே கழுவியிருப்பார்கள், உருளைக்குள் சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள நுரையை அமுக்கிப் பார். டிக்கி தரைக்கு அடியில் பேட்டரி இருக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்றும் பார்.

டெல்லி வண்டி விலை குறைவு என்று எழுதியிருந்தாய். பத்து வருஷமான டீசல் கார்களுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே தடை போட்டது, அதிலிருந்து வழக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த பயத்தில் விற்கிறார்கள். வண்டி மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, தேனியில் டிஎன் 60 எண்ணுக்கு மாற்றி, இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு இங்கே வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும். உனக்கு எவ்வளவு வரும் என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, விலையோடு கூட்டிப் பார்த்தால் பல டெல்லி வண்டிகளின் லாபம் கரைந்துவிடும். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் கடன் முடிந்தது என்று வங்கி தரும் படிவம் 35 கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. கம்பெனிப் பெயரில் உள்ள வண்டி என்றால் விற்கச் சம்மதிக்கும் தீர்மான நகலையும் கேள்.

ஓட்டிப் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏற்று, ஏசி முழுக்கப் போட்டு, நாலு பேரோடு. ஏறும்போது கூலன்ட் சூடு, இறங்கும்போது பிரேக்கில் ஸ்டியரிங் நடுக்கம், ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசுகிறதா என்பது, மூன்றையும் அந்த ஒரு ஓட்டத்தில் பார்த்துவிடலாம். விற்பவர் மலைக்கு விட மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள். டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் படி. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்து வருஷம் தாண்டிய ரன்ஃப்ளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும்) டயர்களின் விலையை நாலாகப் பெருக்கி விலையில் கழிக்கச் சொல்.

உனக்கு நான் சொல்வது 630டி ஜிடி, ஒரே உரிமையாளர், தமிழ்நாட்டு எண், தொடர்ச்சியான சர்வீஸ் பில்கள். இந்த வண்டியைச் செங்கல்பட்டுப் பக்கம் உள்ள சென்னை ஆலையிலேயே பூட்டினார்கள். முழுக்க இறக்குமதியான பனமேராவைவிட உதிரிபாகத்துக்குக் காத்திருப்பது குறையும் என்பது என் கணிப்பு. உன் மகனுக்கு 640டி மேல்தான் ஆசை என்று தெரியும். செயின் சத்தமில்லாத, ஈஜிஆர் வேலை முடிந்த ஒன்று கிடைத்தால் தடுக்க மாட்டேன், அம்மா ஏறி இறங்கிப் பார்த்த பிறகு. எதை வாங்கினாலும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருஷச் செலவுக்கென்று தனியாக எடுத்து வை.

வண்டி பார்த்ததும் சேசிஸ் நம்பர், சர்வீஸ் பில்கள், ஆர்சி மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. முன்பணம் கொடுக்கும் முன் மதுரைக்கு ஒருமுறை கொண்டுவரச் சொல், ஸ்கேனரை மாட்டி நானும் கூட இருந்து பார்க்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
முத்து