போண்டாவுக்குள் போன புகை

தூத்துக்குடி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பருவம் தவறிப் பெய்த மழையில் அளத்தில் பாத்தியெல்லாம் கரைந்துபோக, தம்பியோடு அங்கேயே கிடந்தேன். அதான் பதில் தாமதம். விடு, உப்புக்காரன் வீட்டில் இது புதுசா?

“உங்க ஊரில் புகையைப் பிடித்து சோடா காய்ச்சுகிறார்களாமே, நிஜமா?” என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். இங்குள்ள ஆல்கலி ஆலையில் 2016-இல் தொடங்கினார்கள். நிலக்கரிக் கொதிகலனின் புகையை ஒரு கரைசலுக்குள் விட்டால், அது கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். அந்த வாயுவோடு உப்பும் அம்மோனியாவும் சேர்த்து சலவை சோடா தயாரிக்கிறார்கள். ஆண்டுக்கு 60,000 டன் வாயு பிடிப்பதாகத் திட்டம். பூமியைக் காப்பாற்ற அல்ல, ஆலைக்குத் தடையில்லாமல் வாயு வேண்டும் என்றுதான் செய்ததாக நிர்வாக இயக்குநரே அப்போது சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

ஆனால் ஒரு உறுத்தல். நேற்று டீக்கடையில் மாஸ்டர் போண்டா மாவில், சலவை சோடாவின் உறவுக்காரனான ஆப்பசோடாவை ஒரு சிட்டிகை போட்டார். எண்ணெயில் விழுந்ததும் புஸ்ஸென்று உப்பியது. உப்ப வைத்தது எது? அதே கரியமில வாயு! சலவை சோடா கண்ணாடி உலைக்குப் போனாலும் இதே கதை, மணலோடு உருகும்போது வாயு கிளம்பிவிடும். வாயுவுக்காகத் தனியாக எதையும் எரிக்க வேண்டியதில்லை, லாபம் அவ்வளவுதான். பிடித்தோம், பயன்படுத்தினோம், சரி. வைத்தது எங்கே?

ஐஸ்லாந்துக்காரர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஹெல்லிஷெய்தி புவிவெப்ப மின்நிலையத்துப் பக்கத்தில் 2012-இல் வாயுவைத் தண்ணீரில் கரைத்து, நம்ம கோலி சோடா மாதிரியே, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறைக்குள் இறக்கினார்கள். பாறையிலிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் 95 சதவீதம் கல்லாகிவிட்டது. தோண்டியெடுத்த துண்டைப் படத்தில் பார்த்தேன். கறுப்புப் பாறையின் துளைகளில் வெள்ளை வெள்ளையாய், அளத்து வரப்பில் உப்புப் பூத்த மாதிரி. அது இனி எழுந்து வராது.

நம் தக்காணத்திலும் அதே பசால்ட்தான் பரந்து கிடக்கிறது. ஆனால் ஒரு டன் வாயுவைக் கரைக்க ஏறத்தாழ 25 டன் தண்ணீர் வேண்டுமாம். குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் எங்கள் தெருவில் வந்து இதைச் சொல்லேன், பார்ப்போம்!

அப்புறம், முழங்கால் வலி தேவலையா? தைக்கு வா. மக்ரூன் வாங்கி வைக்கிறேன். அதில் சோடா கிடையாது, முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஏற்றிய வெறும் காற்றுதான்.

உன்,
சேவியர்