கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் பக்கத்தில் சினைப்பைக் கட்டி பற்றி வந்த கட்டுரையில், கட்டி தெரிந்தால் தாமதிக்காமல் எடுத்துவிடுவதே நல்லது என்று ஒரு வரி இருந்தது. அதன்படி நடந்திருந்தால் போன வருடமே என் சினைப்பை இரண்டும் கர்ப்பப்பையும் போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 57 வயது. கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது. சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று எடுத்த ஸ்கேனில் இடது சினைப்பையில் 4.2 செ.மீ. அளவில் ஒன்று தெரிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், “கட்டி இருக்கும்மா. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? கர்ப்பப்பையோட சேர்த்து எடுத்துடலாம். வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்க” என்றார். ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார். அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. என் மாமியார் மார்பில் கட்டி வந்து இறந்தவர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்.

அக்கம்பக்கத்தில் சொன்னால், “நீர்க்கட்டிதானே, காலேஜ் பிள்ளைகளுக்கே வருதே, நடந்தா சரியாயிடும்” என்கிறார்கள். அவர்கள் சொல்வது மாதவிலக்கு தள்ளிப்போகிற பெண்களுக்கு இருக்கும் பிசிஓஎஸ். எனக்கு வந்தது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர்.

என் மகள் நர்ஸ். அவள்தான் தஞ்சாவூரில் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த டாக்டரம்மா உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது) எடுத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே வெறும் நீர்தான், சுவர் மெல்லியதாக இருக்கிறது, நடுவில் தடுப்பு இல்லை, சதை வளர்ச்சி இல்லை, வயிற்றில் நீர் கோக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். இல்லை. சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய சிஏ-125 என்ற புரதத்தைப் பார்த்ததில் 14 வந்தது. 35க்குள் இருந்தால் சரி. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றார். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற சதை வெளியே வளர்வது), கர்ப்பப்பை நார்க்கட்டி, வயிற்றுக் காசநோய் இருந்தாலும் அது ஏறுமாம். புற்றுநோய் இருந்தும் ஆரம்பத்தில் ஏறாமல் போவதும் உண்டாம். “நாலு மாசம் கழிச்சு வாங்க. திடீர்னு வயித்துவலியும் வாந்தியும் வந்தா மட்டும் காத்திருக்காதீங்க, கட்டி முறுக்கிக்கிட்டிருக்கலாம், ராத்திரியா இருந்தாலும் வந்துடுங்க” என்றார்.

அந்த நாலு மாதம் சுலபமாக இல்லை. கொஞ்சம் வாயுப் பிடித்தால்கூட அதுதானோ என்று இருக்கும். மிஷினில் உட்கார்ந்தால் கை தானாக இடது அடிவயிற்றுக்குப் போகும். பேசாமல் வெட்டி எடுத்திருக்கலாமோ என்று எத்தனையோ இரவு நினைத்தேன். அப்போது என் மகள் 2019இல் லான்செட் ஆன்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்துச் சொன்னாள். ஸ்கேனில் சாதாரணமாகத் தெரிந்த கட்டிகளோடு 1,919 பெண்களை அறுவை சிகிச்சை செய்யாமல் கண்காணித்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்குத் தானாகவே மறைந்துவிட்டதாம். புற்றுநோய் என்று தெரியவந்தது ஆயிரத்தில் நாலு பேருக்கு. அதைக் கேட்ட பிறகுதான் கொஞ்சம் தூங்கினேன்.

நாலு மாதத்தில் 4 செ.மீ., ஒரு வருடம் முடிந்தபோது 3.1. தொந்தரவு வந்தால் மட்டும் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

எல்லோரும் காத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. என் கடைக்குத் துணி கொடுக்கும் ஓர் அக்காவுக்கு 61 வயது. வயிறு உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடும், அடிக்கடி சிறுநீர். நீர்க்கட்டிதானே என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டார். ஸ்கேனில் தடுப்புகளும் சதை வளர்ச்சியும் இருந்தன, வயிற்றில் நீரும் கோத்திருந்தது. அவருக்கு அறுவை சிகிச்சைதான் சரி. அதுவும் புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரிடம் செய்துகொண்டார். இன்னும் சீக்கிரம் போயிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அவருக்கும் எனக்கும் சொன்னது ஒரே சொல்தான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, ஸ்கேன் ரிப்போர்ட்டில் எதையெதைப் பார்க்க வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் தயவுசெய்து போடுங்கள். கட்டிக்குள் நீரா சதையா, மாதவிலக்கு நின்றுவிட்டதா, அளவு எவ்வளவு, அடுத்த ஸ்கேன் எப்போது என்று பெரிய எழுத்தில் போட்டால், என் கடைச் சுவரில் வெட்டி ஒட்டிவைப்பேன்.

— ஒரு வாசகி, கும்பகோணம்