அந்த ட்யூபை முதலில் படித்துப் பார்

அன்புள்ள கோபாலா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சீனு ஓய்வு பெற்றுவிட்டான். சைக்கிளும் கோபமும் அப்படியே இருக்கின்றன. மற்றதை நேரில் பேசுவோம். உன் ஷாம்பு விவகாரத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

பொடுகு ஷாம்புவை ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள் என்று ஜெர்மனியிலிருந்து உன் பெண் போனில் சொன்னாளாம், நீ உடனே பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் மருந்து கலந்த உன் ஷாம்பு பாட்டிலைக் குப்பையில் போட்டாயாம்! அவள் சொன்ன தடை ஜிங்க் பைரித்தியோன் என்ற வேறொரு பொடுகு மருந்துக்கு. கருவைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தி, 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதை அழகுசாதனப் பொருட்களில் தடை செய்தது. ஆனால் அலசிவிடும் ஷாம்புவில் 1 சதவீதம் வரை இருந்தால் ஆபத்தில்லை என்று அவர்களுடைய அறிவியல் குழுவே 2020இல் சொல்லியிருந்தது. உன் பாட்டிலில் இருந்தது வேறு மருந்து.

கல்லீரல் கெடும் என்று நீ பயந்தாயே, அந்தப் பயம் கீட்டோகோனசோல் மாத்திரையைப் பற்றியது. பூஞ்சை நோய்க்கு அந்த மாத்திரை வேண்டாமென்று 2013இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு சொன்னது. அமெரிக்காவும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. விழுங்கும் மருந்து கல்லீரலுக்குப் போகத்தான் செய்யும். ஷாம்புவோ ஐந்து நிமிடம் தலையில் ஊறித் தண்ணீரோடு போய்விடுகிறது. ரத்தத்தில் சேர்வது அநேகமாக ஒன்றுமில்லை. எரிச்சல் வந்தால் நிறுத்த வேண்டும், கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான்.

நான் பயப்படுவது நீ அதற்குப் பதிலாக வாங்கிய களிம்பைப் பற்றி. காதோரத்திலும் கழுத்திலும் தடவினாயாம், இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டதாம், அதில் பெருமை வேறு! மருந்துக்கடையிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், அவ்வளவு சீக்கிரம் அரிப்பு அடங்கினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ட்யூபில் பெயருக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படி. குளோபெட்டசால் என்று இருந்தால் அது வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கிவிடும், அடியில் பூஞ்சை பாட்டுக்குப் பரவும். நாளாக நாளாகத் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும். நம் ஊரில் படர்தாமரை இன்று மருந்துக்கு அடங்காமல் போனதற்கு ஸ்டீராய்டையும் பூஞ்சை மருந்தையும் சேர்த்த இந்தக் கலவைக் களிம்புகள் ஒரு பெரிய காரணம் என்று தோல் மருத்துவர்கள் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். சீட்டில்லாமல் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்த வாரமே தோல் மருத்துவரைப் பார். ட்யூபைக் கையோடு கொண்டுபோ. அங்கே போய் "ஏதோ வெள்ளை மருந்து" என்று நிற்காதே. எத்தனை நாள் தடவினாய் என்பதையும் மறைக்காமல் சொல். அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

உன்,
தியாகு