முதலாளியின் துணைவியாருக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் முதலாளி மறைந்தபின் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னவர்கள் பலர். அவருக்கு எந்த வேலையும் வைக்காமல் ஆறுதல் சொன்னவர்களுக்கு இந்த மடல். நல்லெண்ணத்தோடு செய்வதும் துக்க வீட்டில் சில சமயம் பாரமாகிவிடும். நீங்கள் அப்படி ஆகவிடவில்லை.

முதலில், கடிதம் எழுதியவர்களுக்கு. நம்மில் பாதிப்பேரை அம்மாவுக்கு முகம் தெரியாது. அதனால் முதல் வரியிலேயே பெயர், பிரிவு, எந்த ஆண்டிலிருந்து முதலாளியிடம் வேலை என்று எழுதினீர்கள். "நல்ல மனிதர்", "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்பதோடு நிறுத்தாமல், அவர் செய்த ஒரு காரியத்தைச் சொன்னீர்கள்: தவறு செய்தவரை நாலு பேர் முன்னால் கேட்காமல் அறைக்கதவைச் சாத்திவிட்டுப் பேசியதை, கணக்கு உதைத்த மாதத்திலும் முதலில் சம்பளத்தைப் போட்டதை. கணவரை அம்மாவுக்குத் தெரியும். வேலையிடத்து மனிதரை நம் வழியாகத்தான் தெரிந்துகொள்ள முடியும். இந்த ஒன்று இருந்தால் எட்டுப் பத்து வரியே தாராளம். "பதில் எழுத வேண்டாம்" என்று கடைசியில் சேர்த்தவர்களுக்குத் தனி நன்றி. இல்லாவிட்டால் ஒவ்வொரு கடிதமும் ஒரு கடனாக மேசையில் உட்கார்ந்திருக்கும்.

"மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்", "படுக்கையில் கிடக்காமல் போனாரே" போன்ற வரிகளைத் தவிர்த்ததும் நல்லது. துக்கத்துக்கு ஐந்து படிகள், இப்போது நீங்கள் இந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பாடம் எடுப்பவர்களும் உண்டு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-இல் சொன்ன அந்த ஐந்து நிலைகள், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியவை. துணையை இழந்தவர்களுக்கான கால அட்டவணை அல்ல. துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் 1999-இல் முன்வைத்த விளக்கம் நடைமுறைக்கு நெருக்கமானது: இழப்பை நினைத்து உருகுவதும் அன்றாடக் காரியங்களைப் பார்ப்பதும் மாறி மாறி வரும். காலையில் வங்கிப் படிவத்தைத் தெளிவாக நிரப்பியவர் மாலையில் யாரையும் பார்க்க மாட்டேன் என்றால் அது இயல்பு. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் திரும்பிப் போனவர்களுக்கும் நன்றி.

எல்லாரும் கையெழுத்திட்ட அட்டையில், ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே பெயரைப் புரியும்படி எழுதிய தோழருக்கு. சின்ன வேலைதான், ஆனால் அது இல்லாமல் அந்த அட்டை வெறும் கிறுக்கல்.

அலுவல் சமாச்சாரங்களை ஆறுதல் கடிதத்தோடு கலக்காமல் பார்த்துக்கொண்ட கணக்குப் பிரிவுக்கு. நிலுவை, சாவி, கையெழுத்து என எல்லாக் கேள்விகளையும் ஒரே தாளில் தொகுத்து, ஒரே ஆள் மூலம், அம்மா சொன்ன நேரத்தில் கேட்டீர்கள். ஆவணக் கோப்பின் மேலே ஒரு பக்கக் குறிப்பு: இது என்ன, யாரைக் கேட்பது, கடைசித் தேதி எது. தேதி நெருங்கியவை மட்டும் முதலில், மற்றவை பிறகு. இறப்புச் சான்றிதழின் பத்துப் பிரதிகளை ஒரேயடியாக வாங்கி வைத்ததால் வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று அலையும்போது நடுவில் நிற்க வேண்டி வரவில்லை.

வழக்கறிஞருக்கும் நன்றி. முதலாளி முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்த காசோலையை மாற்றிவிடலாம், அவருடைய கடவுச்சொல்லைப் போட்டுப் பணம் அனுப்பிவிடலாம் என்று அவசரத்தில் யோசனைகள் வந்தன. பொதுவாக, தன் சார்பில் செயல்படச் சொல்லி ஒருவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமே அவர் இறந்ததும் செல்லாது. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் அம்மாதான் என்று தடுத்தீர்கள்.

முதலாளியின் மேசையை ஒழித்துக் கொடுத்தவர்களுக்கு. எதையும் தொடும் முன் படம் எடுத்து, இரண்டு பேராக நின்று பட்டியல் போட்டீர்கள். நாற்காலியில் தொங்கிய மேற்சட்டையைத் துவைக்காமல் அப்படியே மடித்துக் கொடுத்தீர்கள். அதைத் துவைத்திருந்தால் அவர் வாசனை போய், திருப்பித் தர எதுவும் மிஞ்சியிருக்காது. கைப்பேசியை அழித்துச் சுத்தம் செய்யவில்லை. எண்ணையும் உடனே துண்டிக்கவில்லை. வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். அலுவலகத் தொலைபேசியில் பதிவாகியிருந்த அவர் குரலை மாற்றும் முன் எடுத்துச் சேமித்த தொழில்நுட்பப் பிரிவுக்குக் கூடுதலாக ஒரு கும்பிடு.

"என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று யோசிக்கும் வேலையை அம்மா தலையில் கட்டாமல், "புதன் மாலை 5 மணிக்கு வந்து வண்டியைப் பழுதுபார்க்க எடுத்துப் போகிறேன், வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டவர்களே உண்மையில் உதவினார்கள்.

கூட்டம் குறைந்தபின், மூன்றாம் மாதத்திலும் முதலாளியின் பிறந்தநாளிலும் எழுதியவர்களை அம்மா பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

இன்னும் எழுத நினைப்பவர்கள் தயங்க வேண்டாம், காலம் கடந்துவிடவில்லை. கடிதங்களை அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள். சேர்த்து வைத்து, அம்மா கேட்கும்போது கொடுக்கிறோம். பழைய படங்கள் இருந்தால் பின்புறம் ஆண்டையும் படத்தில் உள்ளவர்களின் பெயரையும் மென்மையான பென்சிலில் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

நன்றியுடன்,
பணியாளர்கள்