தாயம் உருட்டினால் பாடம் நடக்கவில்லை என்று அர்த்தமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு பெற்றோர், 'செயல்பாடு செயல்பாடு என்று சொல்லி உயர்நிலை வகுப்புகளில் கணக்கையே விளையாட்டாக்கிவிட்டார்கள், பத்தாவது வந்த பிள்ளைக்கு ஒரு சூத்திரம்கூடத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 வருஷமாக ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கிறவள்.

சரியான பாதியை முதலில் ஒத்துக்கொள்கிறேன். நிறைய இடங்களில் செயல்பாடு என்பது பாடம் முடிந்த பிறகு மேலே ஒட்டுகிற ஜிகினாதான். தெர்மாகோலில் கூம்பும் உருளையும் செய்துகொண்டு வா என்போம், பிள்ளையா செய்கிறது, அப்பா ராத்திரி கடை மூடுகிற நேரத்தில் ஓடிப்போய் வாங்கி வருவார், அம்மா உட்கார்ந்து ஒட்டுவார், மறுநாள் நாங்கள் மேசையில் அடுக்கிப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். கூம்பின் கன அளவில் அந்த 1/3 எங்கிருந்து வந்தது என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள், முழிக்கும். ஒரே அடிப்பரப்பும் ஒரே உயரமும் உள்ள அட்டைக் கூம்பையும் உருளையையும் கையில் கொடுத்து, சத்துணவுக் கூடத்திலிருந்து கொஞ்சம் அரிசி வாங்கி வந்து பிள்ளையையே அளக்க விட்டால் ஐந்து நிமிஷ வேலை. மூன்று தடவை கொட்டி உருளை தளும்பியதைப் பார்த்த பிள்ளை அந்த 1/3-ஐ விடாது. ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓட விட்டுவிட்டு அதையும் செயல்பாடு என்று பாடக்குறிப்பில் எழுதிக்கொள்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன், அது சும்மா.

இனி மீதிப் பாதி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நிகழ்தகவு கடைசிப் பாடத்தில் வரும். நாணயம், பகடை, சீட்டுக்கட்டு, இந்த மூன்றையும் வைத்தே முக்கால்வாசிக் கணக்கு. 52 சீட்டு, நான்கு வகை, ராஜா ராணி ஜாக்கி எத்தனை என்பதையே எங்கள் பள்ளியில் தனிப் பாடமாக நடத்த வேண்டியிருக்கிறது, பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் சீட்டைத் தொட்டதே கிடையாது (தொட்டிருக்கிற பையன்கள் வகுப்பில் சொல்ல மாட்டார்கள்). ஆனால் தாயம் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதனால் போன வருஷம் தாயக்கட்டை எடுத்து வரச் சொன்னேன். எட்டு ஜோடி வந்தது, அதில் ஒன்று ஒரு பாட்டியின் பழைய பித்தளைக் கட்டை, பத்திரமாகத் திருப்பித் தரணும் என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தார். இன்னும் இரண்டு ஜோடி மரத்துண்டில் நாங்களே செதுக்கிக்கொண்டோம்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக: ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையின் புள்ளிகளையும் கூட்டணும், ஒன்று வந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யமில்லை, பன்னிரண்டு. 40 பிள்ளைகள், பத்துக் குழு, குழுவுக்கு 16 தடவை உருட்டி எழுதணும். உருட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன், தாயம் விழ வாய்ப்பு எவ்வளவு? நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் உடனே பட்டியல் போட்டார்கள்: வெறுமை-ஒன்று, ஒன்று-ஒன்று, ஒன்று-இரண்டு என்று வரிசையாக எழுதி மொத்தம் பத்து வகை, தாயம் அதில் ஒன்று, ஆகவே 1/10. பன்னிரண்டும் ஒன்று, ஆகவே அதுவும் 1/10. பார்க்க அழகாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

160 உருட்டல் முடிந்து கரும்பலகையில் கூட்டிப் பார்த்தால் தாயம் 22, பன்னிரண்டு 9. வகுப்பே அமைதி. அப்போது பின்வரிசையில் ஒரு பையன், காலாண்டில் 30-ஐத் தாண்டாதவன், 'பன்னெண்டு எப்பவுமே தாயத்தைவிடக் கஷ்டம் டீச்சர், எங்க ஆயாவைக் கேட்டாலே சொல்லும்' என்றான். சரி, ஏன் கஷ்டம்? யாருக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளையிடம் நெயில் பாலிஷ் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்காமல் அதை வாங்கி ஒரு கட்டையின் முனையில் மட்டும் சிவப்பாகத் தொட்டுவைத்துவிட்டு மறுபடி உருட்டச் சொன்னேன். மூன்றாவது நிமிஷம் அதே பையன் கத்தினான், 'டீச்சர், சிவப்புல ஒண்ணு விழுந்தாலும் தாயம், மத்ததுல ஒண்ணு விழுந்தாலும் தாயம், ரெண்டு வழி இருக்கு, பன்னெண்டுக்கு ஒரே வழிதான்!' அவ்வளவுதான். மர வரைபடத்தை அவனே வந்து கரும்பலகையில் போட்டான், நான்கு கிளை, ஒவ்வொன்றிலும் நான்கு, மொத்தம் 16. தாயம் 2/16, பன்னிரண்டு 1/16. மூன்றுக்கு நான்கு வழி, அதனால்தான் ஆட்டத்தில் வேண்டாதபோதெல்லாம் மூன்று வந்து தொலைக்கிறது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் இல்லையா, அதற்கான வாய்ப்பு 6/16 என்பதை நான் கேட்காமலே கணக்குப் பண்ணிவிட்டார்கள். விழக்கூடிய எல்லா வழிகளும் சேர்ந்த அந்தப் பட்டியலுக்குக் கூறுவெளி என்று பெயர், அந்தச் சொல்லை நான் சொன்னதே அதற்கப்புறம்தான்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு குழுவுக்கு 16 தடவையிலும் ஒரு தாயம்கூட விழவில்லை. கட்டை சரியில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று சண்டை. தாயம் விழாமல் போக 7/8, அதைப் பதினாறு தடவை பெருக்கிப் பாருங்கள் என்றேன். 0.12-க்குப் பக்கம் வந்தது. அப்படியென்றால் பத்துக் குழுவில் ஒன்றுக்கு இப்படி ஆகத்தானே வேண்டும்? இது பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இல்லை. கேட்டுக்கொண்டு வந்தது அவர்கள், நான் எப்படி மாட்டேன் என்பேன்.

மறுநாளே ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார், 'பள்ளிக்கூடத்துல உட்கார வச்சுத் தாயம் உருட்ட விடுறீங்களாமே?' அவருக்குப் புரியவைத்து அனுப்பியாயிற்று. பார்வைக்கு வந்த ஓர் அதிகாரிக்குப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வகுப்பில் சத்தம் அதிகம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தச் சத்தத்தில் முக்கால்வாசி பின்னங்களைப் பற்றியது என்று யார் சொல்வது.

முக்கோணவியலையும் வெளியே கூட்டிப்போய்த்தான் தொடங்குகிறேன். பெரிய கோணமானி ஒன்று, அதன் நேர்விளிம்பில் டேப் போட்டு ஒட்டிய ஸ்ட்ரா, நடுப்புள்ளியிலிருந்து தொங்குகிற நூல், நூல் முனையில் சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய நட்டு. ஸ்ட்ரா வழியாகக் கொடிக்கம்பத்தின் நுனியைப் பார்த்தால் நூல் ஒரு கோணத்தைக் காட்டும். முதல் குழப்பமே இங்கேதான், நூல் 60 காட்டும், பிள்ளை ஏற்றக்கோணம் (கிடைமட்டத்திலிருந்து பார்வை மேலே எழும்புகிற கோணம்) 60 என்று எழுதும், அப்புறம் ஸ்ட்ராவைத் தரைக்குச் சமமாகப் பிடித்தால் நூல் 90-இல் நிற்கிறதே என்று யாராவது கவனித்து, ஓ, 90-இலிருந்து கழிக்கணுமா என்று வருவார்கள். அந்த 'ஓ'வுக்காக நான் காத்திருப்பேன். நானே சொல்லிவிட்டால் பத்து நிமிஷம் மிச்சம், பாடம் போச்சு.

அன்றைக்கு ஒரு குழு 45 டிகிரி வருகிற இடம்வரை பின்னால் நடந்து, கம்பத்துக்கு உள்ள தூரம் 4.2 மீட்டர், ஆகவே கம்பமும் 4.2 மீட்டர் என்றது. இன்னொரு குழு 30 டிகிரியில் 7.3 மீட்டர் தள்ளி நின்று √3-ஆல் வகுத்து அதே 4.2-ஐக் கொண்டுவந்தது. இரண்டு குழுவுக்கும் ஒரே விடை, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு பெண் மட்டும் தலையாட்டவில்லை. 'இருக்காது டீச்சர், கம்பத்தை எங்க அப்பாதான் வெல்டிங் பண்ணி நட்டாரு, முழு பைப்பு, 20 அடி, ஒன்றரை அடிதான் உள்ளே போயிருக்கு.' வெளியே 18½ அடி என்றால் 5.6 மீட்டர் இருக்கணும். 1.4 மீட்டர் எங்கே போனது? கால் மணி நேரம் தேடினார்கள், டேப்பைக் குறை சொன்னார்கள், நட்டு கனம் போதவில்லை என்றார்கள். கடைசியில் ஸ்ட்ராவைக் கண்ணில் வைத்திருந்த பையனை ஒருத்தி தரையிலிருந்து கண்வரை அளந்தாள், 1.4 மீட்டர். பொதுத்தேர்வில் 'உற்றுநோக்குபவரின் உயரம்' என்று வரும் கணக்கில் அந்த வகுப்பில் யாரும் அதைக் கூட்ட மறக்கவில்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். வர்க்கப் பூர்த்தி முறைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சதுரமாகவும் பட்டையாகவும் வெட்டி x²+6x-ஐத் தரையில் அடுக்கச் சொன்னால் மூலையில் 3×3 ஓட்டை ஒன்று தெரியும், 9-ஐ ஏன் கூட்டுகிறோம் என்று அப்புறம் விளக்கவே வேண்டாம். பிதாகரஸுக்குக் கட்டடம் நடக்கிற இடத்துக்குப் போய், கொத்தனார் மூலைமட்டம் பார்க்க 3 அடி, 4 அடி, குறுக்கே 5 அடி பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். வட்டத்தை 16 துண்டாக வெட்டி மேலும் கீழுமாக அடுக்கினால் கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும், நீளம் பாதிச் சுற்றளவு, அகலம் பாதி விட்டம். நம் பழைய கணக்கு ஏடுகளிலும் வட்டத்தின் பரப்புக்கு இதே பெருக்கல்தான்.

எல்லாவற்றுக்கும் செயல்பாடு இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்க என்னிடம் ஒன்றும் இல்லை, உட்கார்ந்து இருபது கணக்குப் போட வேண்டியதுதான். கொடிக்கம்பத்தை அளந்த பிறகும் அந்த இருபது கணக்கு உண்டு, அதை விட்டுவிடுகிற இடத்தில்தான் அந்தப் பெற்றோர் சொல்கிற குறை வருகிறது. வரைபடமும் வடிவியலும் எட்டு எட்டாக 16 மதிப்பெண், அதைக் கையில் பிடித்துவிட்டால் பாஸ் ஆகிவிடலாம் என்று மெல்லக் கற்போரை டிசம்பரிலிருந்து அதையே வரைய விடுகிறோம், நானும்தான். அந்தப் பின்வரிசைப் பையனையும் அப்படித்தான் வைத்திருந்தேன். மர வரைபடம் போடுகிற தலையை வைத்துக்கொண்டு அவன் அதுவரை தொடுகோடு வரைந்துகொண்டிருந்தான், அது என் தப்பு.

நேரம் இல்லை என்பார்கள். உண்மைதான், 40 நிமிஷ பீரியடில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்த் திரும்புவதற்குள் மணி அடித்துவிடுகிறது. வாரத்தில் ஒரு நாள் கணக்குக்கு இரண்டு பீரியடைச் சேர்த்துக் கொடுத்தால் போதும், கால அட்டவணை போடுகிறவர் மனசு வைத்தால் செலவில்லாத காரியம். அப்புறம் இந்தப் போட்டோ. பிள்ளைகள் கோணமானியைப் பிடித்திருக்கிறபோது 'இப்படித் திரும்பு, சிரி' என்று சொல்லி ஆதாரம் அனுப்ப வேண்டியிருக்கிறதே, அதை விட்டுவிட்டு அவர்கள் நோட்டைப் பார்க்கலாம். 4.2-ஐ அடித்துவிட்டு 5.6 என்று எழுதியிருக்கும் பக்கம் அதில் இருக்கிறது.

இந்த வருஷம் நிகழ்தகவை ஜனவரியில் எடுப்பேன். கடிதம் எழுதிய அந்தப் பெற்றோர் எங்கள் பக்கத்துக்காரராக இருந்தால் அவசியம் வரட்டும். பாட்டி பித்தளைக் கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார், எனக்கு ஒரு ஜோடி குறைகிறது, வீட்டில் இருந்தால் எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
திருவாரூர் மாவட்டம்