யோபு நூலை முழுமையாகப் படிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறைசாட்சியான புனித தேவசகாயத்தின் திருவிழா குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததையும் அதில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவருடைய விசுவாசம் எங்கே தொடங்கியது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1712-இல் நட்டாலத்தில் நீலகண்டபிள்ளை என்ற பெயரில் பிறந்த தேவசகாயம், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த காலத்தில் கால்நடைகளையும் விளைச்சலையும் இழந்து மனமுடைந்திருந்தார். 1741 குளச்சல் போரில் டச்சுப் படையினருடன் பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சியளித்த டிலனாய், அந்த வேளையில் அவருக்கு எடுத்துச் சொன்னது, செல்வம், பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் இழந்து துன்புற்ற யோபுவைப் பற்றி விவிலியம் கூறும் வரலாறு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர், 1749-இல் சிறைப்பட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அடியும் அவமானமும் தாங்கினார். அத்தனையையும் தாங்கிய அந்த விசுவாசம், துன்பத்தை மறைக்காமல் பேசும் ஒரு நூலிலிருந்து முளைத்தது என்பதை நாம் மறந்துவிட்டோமோ என்று அஞ்சுகிறேன்.

எங்கள் ஊர்களில் ஒட்டப்படும் ஜெபக்கூட்டச் சுவரொட்டிகள் கடன் தீரும், வேலை கிடைக்கும், நோய் விலகும் என்றே அழைக்கின்றன. வேண்டுதல் தவறல்ல, நானும் வேண்டுகிறேன். ஆனால் வேண்டியது கிடைப்பதே விசுவாசத்தின் அளவுகோல் என்று பழகிய மனம், கிடைக்காத நாளில் எதைப் பற்றிக்கொள்ளும்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தாக்கியபின், கடலுக்குப் போனவர்களின் உடல்கூடக் கிடைக்காமல் தூத்தூர் வட்டாரத்து வீடுகள் கிறிஸ்துமஸைக் கண்டபோது, இந்தக் கேள்விக்கு நான் முகங்கொடுக்க வேண்டியிருந்தது. மகனை இழந்த ஒரு தாயிடம், ஆறுதல் சொல்ல வந்தவர் ஒருவர், இன்னும் உறுதியாக ஜெபித்திருந்தால் ஆண்டவர் காப்பாற்றியிருப்பார் என்றார். அந்த அம்மா அதன்பின் பல மாதங்கள் கோவில் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் மட்டும் நாள்தோறும் மாலையில் ஜெபமாலையோடு வந்து, ஒன்றும் பேசாமல் அருகில் அமர்ந்துவிட்டுப் போவார். மீண்டும் திருப்பலிக்கு வந்த நாளில் அந்த அம்மா அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

யோபுவின் நண்பர்களும் முதலில் அப்படித்தான் செய்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தார்கள். வாய் திறந்தபின்தான், நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்று வாதாடத் தொடங்கினார்கள். யோபுவோ தான் பிறந்த நாளையே சபித்தார், கடவுளிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்டார். ஆனாலும் அவரை விட்டு விலகிப் போகவில்லை. நூலின் இறுதியில் கடவுள் கண்டிப்பது கடவுளுக்காக வாதாடிய நண்பர்களைத்தான். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே என்கிறார். அழுகையும் முறையீடும் விசுவாசக் குறைவு அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? விவிலியத்தின் நூற்றைம்பது திருப்பாடல்களிலும் புலம்பல்கள் எத்தனை! 88-ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகவே திருச்சபை காத்து வந்திருக்கிறது.

ஆனால் மறைக்கல்வி வகுப்புகளில் யோபுவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் இழந்ததை இருமடங்காகப் பெற்ற முடிவையும் சொல்லிவிட்டு, இடையிலுள்ள நெடிய வாதத்தைக் கடந்துவிடுகிறோம். இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்தேன். இன்று அதற்காக வருந்துகிறேன். கேள்விகள் எழும் வயதில் உள்ள பிள்ளைகள் கேட்க வேண்டிய பகுதியே அதுதான்.

எனவே பங்குத்தந்தையர்களையும் மறைக்கல்விப் பணிக்குழுவினரையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்: வரும் தவக்காலத்தின் நாற்பது நாட்களில், பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டங்களில் யோபு நூலின் 42 அதிகாரங்களையும் விடாமல் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். இழப்பைச் சந்தித்த வீடுகளில் அந்தக் கூட்டங்களை நடத்தினால், அறிவுரை கூறாமல் வாசித்து, அவர்கள் பேச விரும்பினால் கேட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்